தடித்த சாய்வெழுத்து: குணமும் குற்றமும்

ஒரு பொருளின் தகுதியை அளக்கப் புகுவோர், அஃது எப்பணிக்கென ஆக்கப்பட்டதோ அப்பணியை முதற்கண் அறிதல் வேண்டும். இதனை மறந்தமையாற் பழி சுமந்தவற்றுள் ஒன்று, ஆங்கில அச்சுக்கலையிலே தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் வழங்கும் தடித்த சாய்வெழுத்து ஆகும்.

சாய்வெழுத்து ஆரவாரத்துக்காகப் பிறந்ததன்று. வெனிசு நகரத்து ஆல்டஸ் மனூசியஸ் 1501ஆம் ஆண்டிலே வேர்ஜிலின் கவிதைகளைக் கைக்கடக்கமான நூலாக வெளியிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிப்போ வெட்டிய சாய்வெழுத்தினாலேயே அதனை அச்சிட்டார். கற்றோர் விரைந்தெழுதும் கையெழுத்தே அதற்கு மாதிரி. பிற்காலத்தில் அது தனியாட்சி இழந்து, நேரெழுத்தின் நடுவே ஒரு சொல்லை வேறுபடுத்திக் காட்டும் துணையெழுத்தாயிற்று.

தடிப்போ வாணிகத்தின் குழந்தை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் நாடகத்துக்கும் அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கும் உரிய விளம்பரங்கள் பெருகின. வழிப்போக்கனைத் தடுத்து நிறுத்தவல்ல எழுத்து வேண்டப்பட்டது. றொபேட் தோர்ன் முதலிய எழுத்து வார்ப்பாளர் தடித்த கோடுகளை மேலும் பருக்கச் செய்து, மெல்லிய கோடுகளை மயிரிழையாகவே விட்டனர். இவற்றுக்கு இணையான சாய்வு வடிவங்களும் தோன்றின.

1825இல் 'டைப்போகிராபியா' என்னும் நூலை வெளியிட்ட அச்சாளர் ஹன்சாட், இத்தகைய பருத்த எழுத்துக்களை இகழ்ந்தார். புத்தகப் பக்கத்தை அளவுகோலாகக் கொள்ளின் அவர் தீர்ப்பு நேரியதே. பருமை மிகுதலால் எழுத்தின் உள்வெளி சுருங்குகின்றது. சிறிய அளவில் மயிரிழைகள் மறைகின்றன. பத்து வரி படிப்பதற்குள் கண் களைத்துவிடும். ஆயின், சுவரொட்டி புத்தகப் பக்கமன்று. இரண்டு மூன்று சொற்களைப் பேரளவில் அமைக்கும்போது தடிப்புக் கண்ணை நிறுத்துகின்றது. சாய்வு அதனை மேலே நடத்துகின்றது. நேரெழுத்தின் பருமையில் இல்லாத துள்ளல் இங்கே உண்டு. இக்குணத்தை ஹன்சாட்டின் அளவுகோல் காட்டாது.

ஆயினும், இக்குணம் நேரெழுத்தை வெறுமனே சரிப்பதனால் வாய்ப்பதன்று. சரித்த வட்டம் கோணலாகும்; தடிப்பு இருக்கவேண்டிய இடம் பிறழும். நல்ல சாய்வெழுத்து, கையெழுத்தின் வளைவும் தொடக்க முடிவுகளில் அதற்குரிய சுழிப்பும் பொருந்தப் புதிதாக வரையப்படுவது. கணினியில் ஒரு கட்டளையால் எழுத்தைச் சரித்துவிடும் இக்காலத்தில் இவ்வேறுபாடு எளிதில் மறக்கப்படுகின்றது.

அதனினும் பெரிய குற்றம் எழுத்தினுடையதன்று, அதனை ஆள்வோருடையது. தலைப்பும் துணைத்தலைப்பும் பந்தியும் ஒருங்கே தடித்துச் சாய்ந்து நிற்கும் அறிவித்தல்களை நாம் நாளும் காண்கின்றோம். அவற்றுள் எதுவுமே முதன்மை பெறுவதில்லை. நாள் முழுதும் உரத்துப் பேசும் ஆசிரியரின் குரலை மாணவர் கேளாது பழகிவிடுவர். என்றோ ஒருநாள் அவர் குரலை உயர்த்தும்போதே வகுப்புத் தலைநிமிர்ந்து பார்க்கும். தடித்த சாய்வெழுத்தும் அத்தகைய குரலே. பெரிதாகவும், சிலசொல்லிலும், அருகியும் ஆளப்படின் அது தன் பணியைச் செவ்வனே செய்யும்.