காது வைத்துப் பார்க்கும் வைத்தியம்

எலுவன்குளப் பக்கம் ஓடித் தேய்ந்த பழைய ஹைலக்ஸ் டீசல் கெப் ஒன்று 'மிஸ்' அடித்தபடி வண்ணாத்திவில்லுக் கராஜுக்கு வந்தால், பாஸ் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை, காது கொடுக்கிறார். பிறகு ஐட்லிங்கில் ஓடவிட்டு, இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்துகிறார். என்ஜின் இன்னும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. சத்தம் மாறவில்லையா, கள்ளன் அதுதான். பார்க்கப் பார்க்க அலுக்காத வித்தை. (இன்றைய காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்தால் கையே போய்விடும்.)

அடுத்தது தண்ணீர். ஆறிய ரேடியேட்டரின் மூடியைக் கழற்றி ஸ்டார்ட் செய்கிறார். குமிழி ஓயாமல் வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். மிஸ்ஸுக்கும் அதுவே காரணமாகலாம். குமிழியே இல்லாமல், வாட்டர் பம்பின் அடித்துவாரத்தைச் சுற்றிக் காய்ந்த கறை மட்டும் தெரிந்தால், தண்ணீர்க் கசிவுக்குப் பம்பை மாற்றினால் போதும். அதற்கும் ஹெட்டைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.