ஸ்டார் எதை எண்ணுகிறது?

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதி. அதனால் எங்கள் திருமலைராயன்பட்டினத்தில் பல வீடுகளுக்கு பிரான்ஸில் சொந்தம் உண்டு. குடும்பமாகப் போனால் எல்லோருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இடம் இருக்காது, ஹோட்டல்தான். உடனே வரும் அளவுகோல்: "மூணு ஸ்டாராவது இருக்கணும்."

அந்த அளவுகோலில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரான்ஸில் இப்போதுள்ள ஸ்டார் முறை 2009 சட்டத்தில் வந்தது. 2009க்கு முன் அங்கே ஐந்து ஸ்டாரே கிடையாது. ஹோட்டல் விரும்பினால் விண்ணப்பிக்கலாம். அறையின் பரப்பு, வரவேற்பு நேரம், ஊழியர் பேசும் மொழிகள் என ஒரு நீண்ட பட்டியலை வைத்து ஆய்வு செய்வார்கள். கிடைத்த ஸ்டார் 5 வருஷம் செல்லும். என் தொழில் பாஷையில் இது செக்லிஸ்ட். செக்லிஸ்ட் பாஸான மென்பொருளும் பயன்படுத்துகிறவரை அழ வைக்கும். 5 வருஷத்தில் மெத்தை குழி விழுந்துவிடும், ஸ்டார் அப்படியே இருக்கும்.

நாட்டுக்கு நாடு ஒப்பிடவும் முடியாது. இந்தியாவில் சுற்றுலா அமைச்சகம் தருகிறது. அமெரிக்காவில் அரசு ஸ்டாரே இல்லை. துபாய் புர்ஜ் அல் அராப்பின் "ஏழு ஸ்டார்" எந்த அரசும் கொடுத்ததல்ல.

ஆக, ஸ்டார் வசதிகளை எண்ணும். சுத்தத்தையும் தூக்கத்தையும் உறுதி செய்யாது. பக்கத்துத் திருநள்ளாற்றில் ரூம் தேடுகிறவர்கள் ஸ்டார் கேட்பதில்லை. "தண்ணி வருமா, கோயிலுக்கு நடந்துடலாமா, பாத்ரூம் சுத்தமா?" என்றுதான் கேட்கிறார்கள். பாரீஸுக்கும் அதையே கேளுங்கள். லிஃப்ட் உண்டா என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.