ஆடுவோரே அவையாக: மொறிஸ் ஆடலும் தோழமை விழாவும்

நாட்டார் ஆடல்களை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் தோற்றத்தையே தேடிச் செல்வர். ஓர் ஆடல் எங்கே பிறந்தது, எச்சடங்கிலிருந்து கிளைத்தது என்னும் வினாக்களே அவர்தம் கருத்தைக் கவர்வன. அவ்வாடல் யார்முன் ஆடப்படுகின்றது என்னும் வினா அருகியே எழுகின்றது. இங்கிலாந்தின் மொறிஸ் ஆடலை மதிப்பிடுதற்கு இவ்வினாவே திறவுகோலாகும்.

அறுவர் இருநிரையாக நின்று, முழங்காலின்கீழ் மணிகட்டி, கைக்குட்டை வீசியும் கோல் தட்டியும் ஆடுவது இதன் பெருவழக்கான வடிவம். வேத்தியல், பொதுவியல் என நம் முன்னோர் கூத்தினைப் பகுத்தனர். மொறிஸ் இவ்விரு நிலைகளையும் கண்டது. 1448இல் இலண்டன் பொற்கொல்லர் சங்கம் மொறிஸ் ஆடியோர்க்கு 7 சிலிங் கொடுத்தமை கணக்கேட்டிற் பதிவாகியுள்ளது. செல்வர் அவையில் ஆடப்பட்ட ஆடல் காலப்போக்கிற் சிற்றூர் மக்களின் உடைமையாயிற்று. 1600இல் வில் கெம்ப் என்னும் நகைச்சுவை நடிகர் இலண்டனிலிருந்து நொறிச் நகர்வரை இவ்வாடலை ஆடியே சென்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலோ, அது ஒருசில ஊர்களில் மட்டுமே உயிர்தாங்கி நின்றது.

1899 டிசம்பர் 26ஆந் திகதி, ஒக்ஸ்போட்டுக்கு அணித்தான ஹெடிங்ரன் குவாறி ஊரினர் ஆடியதைச் செசில் ஷார்ப் கண்டார். அவர்களுக்கு வாத்தியம் இசைத்த வில்லியம் கிம்பரிடமிருந்து மெட்டுக்களைக் கேட்டு எழுதினார். 1905இல் மேரி நீல் அம்மையார், தாம் நடத்திவந்த தொழிலாளர் மகளிர் கழகத்திற்குக் கிம்பரையே வரவழைத்து ஆடல் பயிற்றுவித்தார். பின்னர் இவ்விருவரிடையே கருத்து வேற்றுமை முற்றியது. அடவுகள் பிழையறப் பேணப்படல் வேண்டும் என்றார் ஷார்ப். ஆடுவோரின் மகிழ்ச்சியே அதன் உயிர் என்றார் நீல். இலக்கணமா, உயிர்ப்பா என்னும் இவ்வழக்கு மறுமலர்ச்சி பெற்ற எக்கலைக்கும் பொதுவானது.

இவ்வழக்கிற்கு விடை நூல்களிற் கிடைப்பதன்று. ஆடுவோர் கூடும் வாரவிழாக்களிற் கிடைப்பதாகும். 1934இல் ஆறு குழுக்கள் இணைந்து மொறிஸ் றிங் என்னும் அமைப்பை நிறுவின. எஸெக்ஸ் மாகாணத்துத் தக்ஸ்ரெட் என்னும் சிற்றூர் அதன் கூட்டங்களாற் புகழ்பெற்றது. பல ஊர்க் குழுக்கள் அங்கு வந்து, பகலிற் சுற்றூர்களில் ஆடி, மாலையில் நகர வீதியில் ஒன்றுகூடி ஆடும். இருள் கவியும் வேளையில், தனியொரு பிடிலின் இசைக்கு மான்கொம்பு தாங்கியோர் ஓசையின்றி வந்து ஆடும் கொம்பாடலுடன் அம்மாலை நிறைவெய்தும். இவையன்றி, 'ஏல்' எனப்படும் விருந்துகளும் உள. பண்டு தேவாலயத்திற்குப் பொருளீட்டுதற்காக மது விற்று நடாத்திய ஊர்விழாக்களின் பெயரே இது. இன்று ஒரு குழு பிற குழுவினரை அழைத்து, வார இறுதியில் உண்டும் பாடியும் ஆடியும் மகிழும் கூட்டத்தைக் குறிக்கின்றது.

இத்தகைய கூட்டங்களை வெறுங் களியாட்டென ஒதுக்குதல் பொருந்தாது. வீதியிற் காண்போர்க்கு வெள்ளுடையும் மணியோசையுமே காட்சி. செவ்விய துள்ளலுக்கும் சோர்ந்த துள்ளலுக்கும் அவர்தம் கைதட்டல் ஒன்றே. ஏலில் ஒருவர் தனியாடல் ஆடும்பொழுது, சூழ்ந்திருப்போர் அவ்வாடலைத் தாமே ஆடிப் பழகியோர். கால் எங்கே எழவேண்டும், ஆடுவோன் மேலெழுந்து நிற்கும் கணத்திற்காக இசைஞன் மெட்டினை எவ்வளவு தாழ்த்தவேண்டும் என்பதை அவர்தம் உடலே அறியும். ஆகவே ஷார்ப் வேண்டிய திருத்தமும் நீல் வேண்டிய மகிழ்ச்சியும் அங்கு முரணாது ஒன்றுகின்றன. பிழையைக் கண்டு நகைப்போரும், நுட்பத்தைக் கண்டு ஆரவாரிப்போரும் உடனாடுவோரே.

எனினும், இத்தோழமைக்கு ஒரு குறையுண்டு. தம்மவர்முன் மட்டும் ஆடுவோர் தம்மைத்தாமே புகழும் வட்டமாகிவிடுவர். மறுமலர்ச்சியின் தொடக்கத்திலேயே மகளிர் ஆடினர்; ஆயினும் மொறிஸ் றிங் பல்லாண்டுகள் ஆடவர் குழுக்களுக்கே உரியதாயிருந்தது. அதனால் மகளிர் 1975இல் தமக்கெனத் தனிக் கூட்டமைப்பை நிறுவவேண்டியதாயிற்று. மரபு காத்தல் என்னும் பெயரால், மரபைக் காத்தவர்களுள் ஒரு பகுதியினரே வெளியே நிறுத்தப்பட்டனர். இதனைச் சிறுபிழை எனல் இயலாது. பொதுவியற் கலை தன் பொதுமையை இழத்தலினும் பெரிய இழப்பு அதற்கில்லை.

ஆதலின், வீதி மட்டும் அமைந்தால் ஆடல் வேடிக்கைப் பொருளாகத் தேயும். விருந்து மட்டும் அமைந்தால் குழூஉக்குறியாகச் சுருங்கும். பகலில் ஊரார் முன்னும் இரவில் உடனாடுவோர் முன்னும் ஆடும் தக்ஸ்ரெட் முறையே இரண்டையும் இணைப்பது. அறிந்தோர் அவை கலையைத் திருத்தும். அறியாதோர் அவை அதற்கு அடுத்த தலைமுறையைத் தரும். இவ்விரு வாயில்களையும் திறந்துவைக்கும் கலையே நெடிது வாழும்.