மாடி மழைமானியை எவ்வளவு நம்பலாம்?

2015 நவம்பரில் புதுச்சேரி அருகே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தபோது, நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. செய்திகளில் எல்லோரும் பார்த்த எண் அது. அதே மழையில் பண்ருட்டிப் பக்கத்து விசூர், பெரியகாட்டுப்பாளையம் கிராமங்களில் திடீர் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்த ஓடைகளின் தலைமாட்டில் எந்த மணி நேரத்தில் எவ்வளவு பெய்தது என்பதை நெய்வேலியின் 24 மணி நேரக் கூட்டுத்தொகை சொல்லாது.

வானிலை ஆர்வலர்கள் வீட்டு மாடியில் வைக்கும் தானியங்கி நிலையங்கள் இந்த இடத்தில்தான் உதவும். அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலை 28இல் வெள்ளம் வந்தது. ஊரின் ஒரு பக்கம் ஏறத்தாழ 37 செ.மீ., மறுபக்கம் 5 செ.மீ.கூட இல்லை. இந்த வேறுபாட்டை வீட்டுத் தோட்டங்களில் கிடந்த மழைமானிகளிலிருந்துதான் திரட்டினார்கள். மறு ஆண்டே தன்னார்வலர்களின் மழை அளவீட்டு வலையமைப்பு ஒன்று அங்கு பிறந்தது. பிரான்சில் மாந்தெமான், கோமோன் என்ற இரு ஆய்வாளர்கள் வீட்டு நிலையங்களின் தரவைச் சேர்த்து, இடிமழை மேகத்தின் அடியில் அழுத்தமும் வெப்பநிலையும் மாறும் விதத்தை அரசு நிலையங்கள் மட்டும் காட்டுவதைவிட நுணுக்கமாகக் காட்டினார்கள். அந்த ஆய்வு வெளியானது 2020இல்.

அதற்காக மாடியில் பதிவாகும் எண்ணையெல்லாம் சாதனை மழையாக அறிவித்துவிட முடியாது. பெரும்பாலான கருவிகளில் உள்ளே தராசுத் தட்டுப்போல இரு சிறு கிண்ணங்கள் இருக்கும். 0.2 மி.மீ. மழை சேர்ந்ததும் ஒன்று கவிழும், மற்றது மேலே வரும். மணிக்கு 100 மி.மீ. கொட்டினால் ஏழு விநாடிக்கு ஒருமுறை கவிழ வேண்டும். கவிழும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சரியாக வராது. எனவே மழை வலுக்க வலுக்கக் கருவி குறைத்துச் சொல்லும். பலத்த காற்றும் துளிகளைப் புனல் வாயிலிருந்து விலக்கிவிடும். நெய்வேலியின் சுரங்கத் தூசியும் வேப்பஞ்சருகும் சேர்ந்து அந்த வாயை அடைத்துக்கொண்டால், ஊரே மிதக்கும்போதும் திரையில் மழை சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும்.

காற்றின் நிலை இன்னும் மோசம். தர விதிப்படி காற்றுமானி திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். நெய்வேலி நகரியத்தின் வட்டங்கள் எனப்படும் குடியிருப்புப் பிரிவுகளிலோ வீட்டைச் சுற்றி மாவும் பலாவும் வேம்பும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரில் கட்டிய மானி புயலின் வேகத்தை அளக்காது. தொட்டியைச் சுற்றி வரும் சுழிப்பைத்தான் அளக்கும். அந்த எண்ணைப் புயலின் வலிமைக்குச் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

அழுத்தமானியின் கதை வேறு. மரமும் சுவரும் அதைத் தடுப்பதில்லை; கூடத்தில் வைத்தாலும் போதும். 8 மீட்டர் உயர வேறுபாட்டுக்குச் சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்பதால் உயரத்தைத் தவறாகக் கொடுத்திருந்தால் எண் பிசகும். ஆனால் அந்தப் பிசகு மாறாதது. எத்தனை மணிக்கு அழுத்தம் சரியத் தொடங்கியது, எப்போது அடிமட்டம் தொட்டது எனக் காட்டும் கோடு சரியாகவே இருக்கும். நெய்வேலியின் ஐந்தாறு வட்டங்களிலும் பக்கத்துக் குறிஞ்சிப்பாடி, வடலூர் வீடுகளிலும் இப்படிக் கோடுகள் கிடைத்தால் புயல் கடந்த பாதையை நேரத்தோடு வரையலாம். என் கணிப்பில் வீட்டு நிலையத்தின் மெய்யான மதிப்பு இதுதான். பலரும் கண்டுகொள்ளாததும் இதுவே.

மின்சாரம் பெரிய தலைவலி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் மணிக்குச் சுமார் 140 கி.மீ. வேகக் காற்றோடு கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இணையத்துக்கு மட்டுமே தரவை அனுப்பும் கருவி, மிகவும் தேவைப்படும் அந்த மணி நேரத்தில்தான் ஊமையாகும். மின்கலமும் உள்நினைவகமும் இல்லாத நிலையத்தைப் புயல் ஆய்வுக்கு என்று வாங்குவது வீண்செலவு.

கருவி வைத்திருப்பவர்கள் அதன் நான்கு பக்கப் படங்கள், தரையிலிருந்து உயரம், கடைசியாகத் துடைத்த தேதி ஆகியவற்றைத் தரவோடு சேர்த்து வெளியிட வேண்டும். பக்கத்திலேயே ஒரு சாதாரண அளவுக் குடுவை மழைமானியை வைத்து, வானிலைத் துறையின் மழைக்கணக்கு முடியும் காலை 8.30க்கு தினமும் கையால் அளந்து ஒப்பிட வேண்டும். கிண்ணம் எவ்வளவு விட்டுவிடுகிறது என்பது ஒரு வடகிழக்குப் பருவமழையிலேயே தெரிந்துவிடும்.