கடன்பெற்ற கதையும் மேசைக் கதையாடலும்: 'அந்த நாள்' ஜொகூருக்கு வரும்பொழுது

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுப் பேச்சினாலேயே ஒரு கதையை நகர்த்திச் செல்லும் விளையாட்டினைப் பாத்திரமேற்பு விளையாட்டு எனலாம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் முதல் வெளியீடாகக் கருதப்படுகின்றது. இதில் மேடை இல்லை. எழுதி வைத்த வசனமும் இல்லை. கதை நடத்துநர் ஒருவர் சூழலை விவரிப்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் செய்வதைக் கூறுவர். ஐயத்திற்கிடமான செயல் கைகூடிற்றா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நாடகத்திற்கும் தாயக்கட்டத்திற்கும் இடைப்பட்ட இக்கலையில் கதைக்கான கருவினைத் திரைப்படத்திலிருந்தும் தொலைக்காட்சித் தொடரிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. அவ்வழக்கத்தைத் தமிழ்த் திரைப்படமொன்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடன்பெறுதல் குற்றமன்று. வழிநூலுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பிய மரபியல், முதல்நூலைச் சுருக்குவது, விரிப்பது, இரண்டையும் கலந்து செய்வது, பிறமொழியிலிருந்து பெயர்த்து மரபுக்கேற்ப யாப்பது எனப் பல நிலைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954) 'தி மெக்னிஃபிசென்ட் செவன்' (1960) ஆகிப் பின்னர் 'ஷோலே'யிலும் (1975) தன் சாயலைப் பதித்தது. கொள்ளையரிடமிருந்து ஓர் ஊரைக் காக்கக் கூலிக்கு வந்த வீரர்கள் என்னும் அக்கரு விளையாட்டு மேசைக்கும் மிகவும் உகந்தது. ஏனெனில், அதில் வீரர் ஒருவரல்லர், பலர்.

இவ்விடத்தில்தான் தமிழ்த் திரைப்படம் நமக்குக் கைகொடுக்க மறுக்கின்றது. 'நாயகன்' (1987) படத்தை அப்படியே மேசைக்குக் கொண்டுவந்தால் ஒருவர் வேலு நாயக்கராவார். எஞ்சிய நால்வரும் அவர் நிழலில் நிற்பர். 1984இல் வெளிவரத் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' விளையாட்டு நூல்கள் மீதும் இத்தகைய குறை கூறப்பட்டது. கதையின் போக்கு முன்னரே முடிவு செய்யப்பட்டமையால் ஆட்டக்காரர்கள் தண்டவாளத்தில் ஓடும் வண்டிபோல் ஆயினர் என்பது அக்குறை. தனியொரு தலைவனை மையமிட்ட நம் படங்கள் பெரும்பாலானவற்றுக்கும் இது பொருந்தும் என்பதே என் கருத்து.

விதிவிலக்காக 'அந்த நாள்' (1954) அமைகின்றது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கத்தில், ஜாவர் சீதாராமன் எழுத்தில், ஏ.வி.எம். நிறுவனம் பாடலே இன்றித் தயாரித்த படம் இது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய காலச்சூழலில் வானொலிப் பொறியாளன் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காதற்கிழத்தி, மனைவி என ஒவ்வொருவரையும் துப்பறிவாளர் விசாரிக்க, ஒவ்வொரு வாக்குமூலமும் வேறொரு கொலையாளியைக் காட்டுகின்றது. மேசைக்கு வேண்டிய பொருள் இங்கே ஆயத்தமாக உள்ளது: ஒரு மரணம், பல சாட்சிகள், ஒன்றுக்கொன்று முரண்படும் கூற்றுகள். ஆட்டக்காரர்கள் சாட்சிகளாகவும் அமரலாம், விசாரிப்பவர்களாகவும் அமரலாம்.

ஆயினும் இக்கதையை ஜொகூருக்குப் பெயர்த்தால் நிகழ்வது என்ன? நாளை 1942 ஜனவரி 30 எனக் கொள்வோம். மறுநாள் காலை பிரிட்டிஷ் படையின் கடைசி அணி சிங்கப்பூருக்குக் கடந்து செல்லும். 1924 முதல் இரு கரையையும் இணைத்து நின்ற காஸ்வே தகர்க்கப்படும். ஜொகூர் பாருவில் வானொலி பழுதுபார்க்கும் தமிழன் ஒருவன் இறந்து கிடக்கிறான். அவன் ஜப்பானியருக்குச் செய்தி அனுப்பினான் என்பது குற்றச்சாட்டு. திரைப்படத்தில் அச்செயல் ஐயத்திற்கிடமற்ற தேசத்துரோகம். இங்கு எந்தத் தேசத்திற்குத் துரோகம்? வெள்ளைத் துரையின் தோட்டத்தில் பால்மரம் சீவிய தொழிலாளிக்கு அத்துரையின் அரசு எவ்வகையில் சொந்தம்? ஒன்றரை ஆண்டு கழித்து, 1943 ஜூலையில், சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்க, ஜப்பானியரின் துணையோடு இயங்கிய இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் பலர் சேர்ந்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் அதே ஜப்பானியர் தோட்டத் தமிழரைச் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு சென்று பல்லாயிரவரைச் சாகவிட்டனர். ஆகவே சென்னையில் எழுதப்பட்ட முடிவு இம்மண்ணில் பொருந்தாது. கருவை மட்டும் கடன்பெற்று, தீர்ப்பை மேசையிலேயே தேட வேண்டியுள்ளது. இடம் மாறும்பொழுது உரிப்பொருளும் மாறுதல் தமிழ்த் திணை மரபை அறிந்தோர்க்கு வியப்பளிக்காது.

கொலையாளி யார் என்பதை எல்லாரும் அறிவர். பின் எப்படி ஆடுவது என்று கேட்கப்படலாம். படம் பார்த்த ஆட்டக்காரர் மனைவியையே முதலில் ஐயுறுவார் என்பது உண்மை. அந்த அறிவையே பொறியாக்கலாம்: மனைவி குற்றமற்றவளாக இருக்கட்டும். இதனைக் கடன்பெறுவோர் செய்யத்தக்க முதல் மாற்றமாகக் கருதுகிறேன்.

மொழியாசிரியர்க்கு இதில் வேறொரு அக்கறையும் உண்டு. பாகமேற்று நடிக்கும் வகுப்புகளில் மாணவர்கள் திரை வசனத்தைத் திரும்பக் கூறுவதோடு நின்றுவிடுவது நாம் காணாததன்று. அவ்வசனம் சென்னையின் பேச்சு. 1942இன் ஜொகூர்த் தோட்டத்தில் விசாரணை நடத்தும் மாணவனுக்கோ லயம், பெரட்டு, கங்காணி, கிராணி என்னும் சொற்கள் தேவைப்படும். பெரட்டுக்கு அன்று காலை வராதவர் யார் என்று அவன் கேட்டால்தான் அடுத்த தடயம் கிடைக்கும். செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விட்டு லயங்கள் மறைந்துவரும் மாநிலத்தில் அச்சொற்களை மாணவன் பெரும்பாலும் தாத்தா பாட்டியிடம்தான் கேட்டறிய வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். 1942 ஜனவரியில் நிற்கும் பாத்திரங்களுக்குச் சயாம் இரயிலும் தெரியாது, போஸின் வருகையும் தெரியாது. நடத்துநர் இதனை முன்கூட்டியே உணர்த்திவிட்டால் ஐவரும் வரலாற்று நூலின் தீர்ப்பையே ஒப்பிப்பர். அவர் அதனைத் தம்முள் வைத்துக்கொண்டு, இரவுக்குள் காஸ்வேயைக் கடப்பதா தோட்டத்திற்குத் திரும்புவதா என்று மட்டும் கேட்க வேண்டும்.