அடிஷம் மாளிகை: ஒரு மதிப்பீடு

கட்டடமொன்றை அழகு கொண்டு மாத்திரம் அளத்தல் போதாது; அது நிற்கும் நிலத்தோடும் அந்நிலத்து மாந்தரோடும் அதற்குள்ள உறவும் ஆராயத்தக்கது. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931ஆம் ஆண்டில் அமைத்த அடிஷம் மாளிகை இதற்குத் தக்க சான்றாகும். அவர் பிறந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது.

16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கில நாட்டுப்புற மாளிகைகளைப் பின்பற்றியது இதன் வடிவம். கருங்கற் சுவர்களும் ஒடுங்கி நீண்ட சாளரங்களும், கடற்காற்றுக்குத் திண்ணை வைத்துக் கட்டும் ஒலுவிலாராகிய எமக்கு அந்நியமாய்த் தோன்றலாம். எனினும், பனி மூடும் அம்மலையிற் குளிர்காயும் அடுப்பு வெறும் அலங்காரமன்று, தேவையேயாம். ஆகவே, வெறும் போலியென இதனைத் தள்ளுதல் முறையன்று.

ஆயினும், முந்நூறாண்டு முந்திய வடிவை அங்கு மீண்டும் எழுப்பியது ஊர் நினைவின் ஏக்கமே. கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளருக்கும் அவ்வேக்கம் இருந்தது. துரைக்கு அதனைக் கல்லில் வடிக்க வாய்த்தது; அவர்களுக்கு வாய்த்ததோ ஒற்றையறை லயம்.

1960களிற் பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாகிய அம்மாளிகையைக் காணச் செல்லும் மாணவர், மலைச்சரிவின் லயங்களையும் நோக்குவாராக. இரண்டையும் ஒருங்கே கண்டாலன்றி அக்கட்டடத்தின் பொருள் முழுதும் விளங்காது.