காரணம் சொல்லாத கோடுகள்

சிங்கப்பூரில் பொதுத்தேர்தல் நெருங்கும்போதெல்லாம் பிரதமர் ஒரு குழுவை அமைத்துத் தொகுதி எல்லைகளை மறுபடி வரையச் செய்கிறார். மூத்த அரசு அதிகாரிகள் இடம்பெறும் அக்குழு கட்சி நலன் பார்ப்பதில்லை என்பது அரசாங்கத்தின் நெடுநாள் வாதம். எல்லை வரையும் முறையைச் சீர்திருத்தக் கோரி சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி கொண்டுவந்த தீர்மானம் 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தோற்றபோதும் இதுவே பதிலாக வந்தது. அதிகாரிகளின் நேர்மைக்குச் சான்று சொல்லும் இந்த வாதம், அவர்கள் போட்ட கோட்டுக்கு என்ன காரணம் என்ற கேள்வியின் பக்கமே போவதில்லை.

எல்லைகளை மாற்றத்தான் வேண்டும். தோ பாயோவே அதற்குச் சாட்சி. சதுப்பு நிலத்தால் பெயர் பெற்ற அந்த இடத்தில் 1960-களின் நடுவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள் எழத் தொடங்கின. ஒற்றைத் தொகுதியாக இருந்த வட்டாரம், 1970-களில் கிம் கியட், பூன் டெக், குவோ சுவான் எனப் பல தொகுதிகளானது. பல உறுப்பினர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும், 1988-இல் வந்த குழுத்தொகுதி முறை சிறுபான்மையினருக்கு நாடாளுமன்றத்தில் இடத்தை உறுதிசெய்தது. போத்தோங் பாசிர் 1984 முதல் 27 ஆண்டுகள் எதிர்க்கட்சியின் சியாம் சீ தோங் வசம் இருந்தும் ஓர் உறுப்பினர் தனித்தொகுதியாகவே நீடித்ததையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் மற்ற இடங்களின் கதை வேறு. யூனோஸ் குழுத்தொகுதியில் ஆளும் மக்கள் செயல் கட்சி 1988-இலும் 1991-இலும் மயிரிழையில் தப்பியது. அடுத்த தேர்தலில் யூனோஸ் இல்லை. 1997-இல் கடும் போட்டி கண்ட செங் சான் 2001-இல் மறைந்தது. 2011-இல் ஜூ சியாட்டில் வித்தியாசம் வெறும் 388 வாக்குகள். 2015-இல் அது மரின் பரேடுக்குள் கரைந்தது. மக்கள்தொகை மாற்றம் என்ற பொது விளக்கம் இங்கே போதாது. உறுப்பினருக்கு இத்தனை வாக்காளர் என்ற சராசரியிலிருந்து 30 விழுக்காடு கூடவோ குறையவோ இடமிருக்கும்போது, ஒரே கணக்கைப் பல கோடுகளால் சரிசெய்யலாம். அவற்றுள் இந்தக் கோடு ஏன் என்பதுதான் குழுவின் அறிக்கைகளில் இல்லை. எந்த வாக்களிப்பு வட்டாரம் எங்கே போகிறது என்ற பட்டியல் இருக்கிறது. 2020-இல் பீஷான்-தோ பாயோவிலிருந்து மேரிமவுண்ட் பிரிந்து, ஐந்து உறுப்பினர் குழுத்தொகுதி நான்காகச் சுருங்கியது. நகரத் திட்ட வரைபடத்திலோ போத்தோங் பாசிரும் பிடாடாரியும் தோ பாயோவின் பகுதிகள். தேர்தல் வரைபடம் அந்த ஒருமையைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு பேட்டை தன் அண்டைப் பேட்டையோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது அளவுகோலா, இல்லையா? குடியிருப்பாளர் அறிய வழியில்லை.

காலமும் அவர்களுக்குத் தரப்படுவதில்லை. 2001-இல் அறிக்கை அக்டோபர் 17-இல் வந்தது, மறுநாள் நாடாளுமன்றம் கலைந்தது, நவம்பர் 3-இல் வாக்களிப்பு. 2025-இல் அறிக்கைக்கும் வாக்களிப்புக்கும் இடைவெளி 53 நாள்.

இதற்கு மாறாக, இந்தியாவில் தொகுதி மறுவரையறை ஆணையம் தனிச்சட்டப்படி, உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைமையில் அமைகிறது. வரைவு அரசிதழில் வெளியாகிறது. ஆட்சேபங்களைப் பொது அமர்வில் கேட்ட பிறகே எல்லை முடிவாகிறது. குறைகள் அங்கும் உண்டு. இறுதி ஆணையை நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்குச் சட்டமே தடை போடுகிறது. என்றாலும் கோடு உறுதியாகும் முன் அதன்மீது பேச வாக்காளருக்கு ஒரு நாள் கிடைக்கிறது. தோ பாயோ வாக்காளர் தம் தொகுதியின் புது வடிவத்தைப் பார்ப்பது முடிந்துபோன அறிக்கையில்தான்.